மெட்ரிக் அலகுகளும் தமிழ் வழக்கும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

அளவு வேறு, அலகு வேறு. ஒரு வயலின் பரப்பு என்பது அளவு. அதைச் சொல்ல உதவும் ஹெக்டேரோ சென்ட்டோ அலகு. அலகுக்கு ஒரு பெயர் உண்டு. பெயரைச் சுருக்கி எழுத ஒரு குறியீடு உண்டு. இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்துபோகும் இடத்தில்தான் அளவைச் சொற்களில் குழப்பம் பிறக்கிறது. மெட்ரிக் முறை இந்தியாவில் சட்டமாகி அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே நிலத்துக்குப் பழைய பத்திரத்தில் ஓர் அலகும், பட்டாவில் வேறோர் அலகும், பேச்சில் மூன்றாவது ஓர் அலகும் வழங்குகின்றன. பழைய அளவைகள் இன்னும் புழங்குவது இதற்குப் பாதிக் காரணமே. மெட்ரிக் அலகுகளைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே குறியீடும் ஒரே முறையும் நிலைபெறாதது மறுபாதி. மக்கள் காணி என்று சொல்வதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. அலுவலகமும் செய்தித்தாளும் பாடநூலும் எழுதுவதைச் சீர்செய்ய முடியும், செய்தே தீரவேண்டும்.

மீட்டர், கிராம், லிட்டர், ஏர் ஆகியவை பிரான்சில் 1795ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் பெற்றவை. 1875 மே 20 அன்று பாரிசில் மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா அதில் 1957இல் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் எடை, அளவுத் தரங்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசாவானது. 1958 அக்டோபரில் எடைகளில் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் முறை கடைத்தெருவுக்கு வந்தது. அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். இன்று நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். 2011 ஏப்ரல் 1 முதல் செயலில் உள்ள இச்சட்டத்தைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அமலாக்குகிறது. பொருள்களின் விலையைத் திட்ட அலகு அல்லாத வேறு அலகில் அறிவிப்பதை அதன் 11ஆம் பிரிவு தடை செய்கிறது.

மெட்ரிக் முறையின் முழு அழகும் அதன் முன்னொட்டுகளில் இருக்கிறது. ஆயிரம் மடங்கு கிலோ, நூறு மடங்கு ஹெக்டோ, பத்து மடங்கு டெக்கா. பத்தில் ஒன்று டெசி, நூறில் ஒன்று சென்டி, ஆயிரத்தில் ஒன்று மில்லி. நீளம், நிறை, கொள்ளளவு எதுவானாலும் இந்த ஆறு போதும். அன்றாட வாழ்வில் கிலோ, சென்டி, மில்லி மூன்றுமே நிலைத்தன. ஹெக்டோ ஹெக்டேரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெயர்களைத் தமிழாக்க வேண்டிய தேவை இல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மீற்றர், லீற்றர் என்றும் தமிழ்நாட்டு நூல்கள் மீட்டர், லிட்டர் என்றும் எழுதுகின்றன. எழுத்து வேறுபட்டாலும் யாரும் அளவில் ஏமாறுவதில்லை.

ஏமாற்றம் வருவது சுருக்கங்களில். கிலோவுக்கும் கிராமுக்கும் தமிழில் முதலெழுத்து ஒன்றே. ‘கி.மீ.’ என்பதில் கி என்பது கிலோ. ‘மிளகு 50 கி.’ என்பதில் அதே கி கிராம். ‘அரிசி 50 கி.’ என்று மளிகைச் சீட்டில் எழுதினால் மறுபடியும் கிலோ. பொருளைப் பார்த்து வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஊகம் உதவாது. ‘மி’ இன்னும் மோசம். ‘மி.லி.’யில் அது மில்லி; ‘மி. கன அடி’யில் அது மில்லியன். ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு, மற்றது பத்து லட்சம் மடங்கு. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு. மில்லியின் ‘மி’யையும் மீட்டரின் ‘மீ’யையும் பிரிப்பது ஒரு சுழி மட்டுமே, மங்கலான அச்சில் அதுவும் தெரியாது. பன்னாட்டு முறை இந்தச் சிக்கலை எழுத்தின் அளவைக் கொண்டு தீர்க்கிறது: ரோமன் சிற்றெழுத்து ‘எம்’ தனித்து நின்றால் மீட்டர், வேறொரு குறியீட்டுக்கு முன்னால் நின்றால் மில்லி, பேரெழுத்தானால் மெகா. தமிழில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் இல்லை. ஆகவே தமிழில் எழுதும்போது கிராம், கிலோ, மில்லியன் மூன்றையும் சுருக்காமல் முழுதாக எழுதுவதே சரியான முறை. செ.மீ., கி.மீ., மி.லி. ஆகியவற்றில் மயக்கமில்லை, அவை இருக்கலாம்.

பன்மை விகுதி பற்றியும் ஒரு சொல். பத்து கிலோ, இருபது லிட்டர் என்பதுதான் தமிழ். ‘பத்து கிலோக்கள்’ என்று எழுதுவது தேவையற்ற சுமை. பன்னாட்டுக் குறியீடுகளுக்கும் பன்மை கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. ரோமன் எழுத்தில் ‘கேஜிஎஸ்’ என்று பொட்டலத்தில் அச்சிடுவது தவறான வழக்கம்.

நிலத்தின் அளவில்தான் இந்தக் குழப்பம் பணமாகவும் வழக்காகவும் மாறுகிறது. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகிய மூன்றிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற இரு அலகுகளில் இருக்கும். ஒரு ஏர் என்பது 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு. அதாவது 100 சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். கலப்பையையும் ஏர் என்பதால் கிராமத்தில் இந்தச் சொல் அலகாக மனத்தில் படிவதில்லை. கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘ஏர்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

திண்டிவனம் வட்டத்துப் பட்டா ஒன்றில் பரப்பு ‘0 - 53.50’ என்று இருப்பதாகக் கொள்ளலாம். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர்: சுழியம். வலப்பக்கம் ஏர்: ஐம்பத்து மூன்று. புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கமும் சதுர மீட்டர்: ஐம்பது. ஆக மொத்தம் 5,350 சதுர மீட்டர். ஒரு ஏர் 2.47 சென்ட் என்பதால் இது 132 சென்ட். அதே நிலத்தின் பழைய பத்திரத்தில் ‘காணி ஒன்று’ என்று இருக்கும். வரப்பில் நிற்பவர் ‘ஒண்ணே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே’ என்பார். மூன்றும் ஒரே நிலம்தான். ஆனால் பட்டாவின் 53.50ஐச் சென்ட் என்று வாசித்துவிட்டால் 79 சென்ட் நிலம் காகிதத்தில் காணாமல் போகிறது. இப்படி வாசிப்பது அரிதன்று. ஏக்கருக்கு நூறு சென்ட், ஹெக்டேருக்கு நூறு ஏர் என்று இரண்டும் நூறு நூறாக ஓடுவதால், பழகிய கண் தானாகவே சென்ட் என்று படித்துவிடுகிறது.

இன்னொரு பொறி, சுழியத்தை விட்டு எழுதுவது. ‘1 - 05.00’ என்றால் ஒரு ஹெக்டேர் ஐந்து ஏர், அதாவது 2.59 ஏக்கர். இதை ஒருவர் ‘1 - 5’ என்று படியெடுத்து, அடுத்தவர் ‘1.5 ஹெக்டேர்’ என்று தட்டச்சு செய்தால் அது 3.71 ஏக்கராகிவிடும். ஒரு ஏக்கருக்கு மேல் வேறுபாடு, ஒரு சுழியத்தால். சில ஆவணங்களில் கோட்டுக்குப் பதிலாக இரண்டு புள்ளிகளை இட்டு ‘0.53.50 ஹெக்டேர்’ என்று எழுதுகிறார்கள். இரண்டு தசமப் புள்ளி உள்ள எண் கணிதத்தில் கிடையாது. ‘0.5350 ஹெக்டேர்’ என்றோ ‘5,350 சதுர மீட்டர்’ என்றோ எழுதினால் ஐயத்துக்கு இடமே இல்லை. இரண்டையும் ஒருங்கே எழுதுவது இன்னும் நல்லது.

காணியும் குழியும் ஊருக்கு ஊர் மாறுபவை. புதுச்சேரியை ஒட்டிய வானூர், மரக்காணம் பக்கத்தில் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. தஞ்சைப் பக்கத்தில் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரே பெயர், நான்கு மடங்கு வேறுபாடு. குழிக் கணக்கில் உள்ள பழைய பத்திரத்தை மெட்ரிக்குக்கு மாற்றுமுன் அது எந்த ஊர்க் குழி என்று நிலைநாட்டியாக வேண்டும். நான்கெல்லையின் நீள அகலத்தைப் பெருக்கிப் பார்ப்பதே பிழையற்ற வழி. பழைய புலப்படங்களில் வேறொரு சிக்கல். அவற்றில் பக்க நீளம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும்: நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. ஒரு லிங்க் 20.12 செ.மீ. ஆகவே ஐந்து லிங்க்ஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர். 250 என்று குறித்திருக்கும் பக்கத்தை மீட்டர் என்று எண்ணினால் 50 மீட்டர் வரப்பு 250 மீட்டராக நீண்டுவிடும்.

விழுப்புரம், திண்டிவனம் நகராட்சி எல்லைக்குள் மனை விற்பனை சதுர அடியில் நடக்க, நகர நில அளவைப் பதிவு சதுர மீட்டரில் இருக்கிறது. இங்கே அடிக்கடி நேரும் பிழை, நீளத்தின் மாற்றெண்ணைப் பரப்புக்கும் போடுவது. ஒரு மீட்டர் 3.28 அடி. அதனால் 100 சதுர மீட்டர் 328 சதுர அடி ஆகிவிடாது, 3.28ஐ 3.28ஆல் பெருக்க வேண்டும், விடை 1,076 சதுர அடி. 30 அடிக்கு 40 அடி மனை 111.48 சதுர மீட்டர். அதுபோலவே ‘10 சதுர மீட்டர்’ வேறு, ‘10 மீட்டர் சதுரம்’ வேறு. முன்னது ஒரு சிறிய அறை. பின்னது பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள 100 சதுர மீட்டர் இடம்.

தானியத்துக்கு வந்தால், பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு அலகில் மட்டும் இல்லை. அளக்கப்படும் பண்பே மாறியது. படி, மரக்கால், கலம் ஆகியவை முகத்தலளவைகள். தானியம் அடைக்கும் இடத்தை அளப்பவை. கிலோகிராம் நிறையை அளக்கிறது. ஒரு படி நெல்லும் ஒரு படி அரிசியும் ஒரே இடத்தை அடைத்தாலும் நிறையில் ஒன்றல்ல. அழுத்தி அளந்தாலும் குவித்து அளந்தாலும் வேறுபடும். ஆகவே ‘ஒரு படி எத்தனை கிலோ’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பொருள் என்று சொன்னால்தான் விடை உண்டு. மெட்ரிக் முறை விளைவித்த பெரிய நன்மை பதின்மக் கணக்கு என்பார்கள். விவசாயிக்கு அதைவிடப் பெரிய நன்மை, தானியம் தராசில் ஏறியதுதான்.

ஆனால் தராசில் ஏறிய தானியம் மூட்டையில் இறங்கியது. விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், மக்கள் சொல்வதுபோல் மார்க்கெட் கமிட்டியில், நெல் மூட்டை வழக்கமாக 75 கிலோ, மணிலா (நிலக்கடலை) மூட்டை 80 கிலோ. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. குறைந்தபட்ச ஆதரவு விலையோ குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு அறிவிக்கப்படுகிறது. 75 கிலோ மூட்டை 1,800 ரூபாய்க்குப் போனால் குவிண்டால் 2,400 ரூபாய். 40 கிலோவுக்கு 960 ரூபாய். மூன்றும் ஒரே விலைதான். ‘மூட்டை என்ன விலை’ என்று மட்டும் கேட்டால் 1,800 உயர்ந்ததாகவும் 960 தாழ்ந்ததாகவும் தோன்றும். மூட்டை என்பது கொள்கலம், அலகு அன்று. விலைப்பலகையில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

எண்ணெயில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் நிறை ஏறத்தாழ 910 கிராம்தான். செக்கில் கிலோ கணக்கில் வாங்குபவரும் கடையில் லிட்டர் கணக்கில் வாங்குபவரும் விலையை ஒப்பிடும்போது நூறில் ஒன்பது பங்கு வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு மட்டுமே லிட்டரும் கிலோவும் அன்றாடக் கணக்குக்கு ஒன்று. பாலுக்குக்கூட ஒரு லிட்டர் சுமார் 1.03 கிலோ.

மணிலாவுக்கும் எள்ளுக்கும் டி.எம்.வி. என்ற பெயரில் பல ரகங்களைத் தந்தது திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகள் ஹெக்டேர் கணக்கில் வெளியாகின்றன: கொத்து ரக மணிலாவுக்கு விதை ஹெக்டேருக்கு 125 கிலோ, ஜிப்சம் ஹெக்டேருக்கு 400 கிலோ. விவசாயியின் கணக்கு ஏக்கரில். ஏக்கருக்கு விதை 50 கிலோ, ஜிப்சம் 160 கிலோ; காணிக் கணக்கில் விதை 67 கிலோ, ஜிப்சம் 214 கிலோ. ஹெக்டேர் என்ற சொல்லைக் கவனிக்காமல் 400 கிலோவை ஏக்கருக்கு இட்டால் செலவு இரண்டரை மடங்கு. துண்டறிக்கைகளில் ஹெக்டேர், ஏக்கர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுவதை விதியாகவே ஆக்கிவிடலாம். திண்டிவனம், வானூர் பக்கத்துக்கு அச்சிடும் தாளில் காணிக்கும் ஒரு கட்டம் சேர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பாடநூல் தமிழில் நிறை வேறு, எடை வேறு. பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு நிறை, அதன் அலகு கிலோகிராம். புவி அதை இழுக்கும் விசை எடை, அதன் அலகு நியூட்டன். கடைத்தெருவிலும் சட்டத்தின் தமிழ்ப் பெயரிலும் எடை என்பதே வழக்கு. அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் அறிவியல் வகுப்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. இருதட்டுத் தராசு நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு தட்டின்மேல் விழும் விசையை உணர்ந்து அதைக் கிலோவாகக் காட்டுகிறது. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். கிலோகிராமின் வரையறையும் 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியைக் கொண்டு அமைந்துள்ளது. பாரிசை அடுத்த செவ்ரில் காக்கப்பட்ட உலோக உருளை இப்போது அடிப்படை அன்று.

தண்ணீர்க் கணக்கில் மெட்ரிக்கும் பழைய முறையும் ஒரே செய்திக்குள் வந்து மோதுகின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அடுத்த சில நாள்களின் செய்திகளில் மழை சென்டிமீட்டரில், வீடூர் அணையின் நீர்மட்டம் அடியில், கொள்ளளவு மில்லியன் கன அடியில், சாத்தனூர் அணையின் வெளியேற்றம் கன அடியில் என்று நான்கு அலகுகள் அடுத்தடுத்து வந்தன. வெள்ளம் வாசலுக்கு வரும் நேரத்தில் இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க யாருக்கு முடியும்?

மழையளவு உண்மையில் எளிய கணக்கு. மழை ஒரு மி.மீ. பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. 50 செ.மீ. என்பது 500 மி.மீ.; சதுர மீட்டருக்கு 500 லிட்டர். ஒரு ஏக்கரில் 20 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு ஹெக்டேரில் 5,000 கன மீட்டர். மெட்ரிக் முறைக்குள் நின்றால் இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். வானிலை அறிக்கை சில இடங்களில் மி.மீ. என்றும் சில இடங்களில் செ.மீ. என்றும் வருவதால் பத்து மடங்கு பிழைக்கு வழி உண்டு. ஏதாவது ஒன்றிலேயே நிற்க வேண்டும்.

அணைக் கணக்கு அப்படியன்று. ‘1.7 லட்சம் கன அடி திறப்பு’ என்ற தலைப்பில் ஒரு சொல் குறைகிறது: வினாடிக்கு. கன அடி என்பது கொள்ளளவின் அலகு. வினாடிக்குக் கன அடி என்பது பாய்வின் அலகு. முன்னது எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்கிறது, பின்னது எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஏறத்தாழ 1.7 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் வரும் ஆறு வீடூர் போன்ற ஓர் அணையை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடும். ‘வினாடிக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் இந்த ஒப்பீட்டைச் செய்யவே இயலாது. 1.7 லட்சம் கன அடி என்பது வெறும் கொள்ளளவானால் அது ஒரு சிறு குட்டைக்குப் போதும். டி.எம்.சி. என்பதும் சுருக்கமாகவே பழகிவிட்டது. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. 7,321 மில்லியன் கன அடி கொள்ளும் சாத்தனூர் அணையை 7.3 டி.எம்.சி. என்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர், வீடூரின் 605 மில்லியன் கன அடி 1.71 கோடி கன மீட்டர். வெள்ள எச்சரிக்கையில் கன அடியோடு கன மீட்டரையும் சேர்த்தே வெளியிட வேண்டும். மழையையும் ஆற்றையும் அணையையும் ஒரே அலகில் கூட்டிக் கழிக்க அது ஒன்றே வழி.

யூனிட், டன் என்ற இரண்டு சொற்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மின்கட்டண அட்டையில் யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. மணல், ஜல்லி வண்டியில் யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் ஜல்லிக்கு யூனிட் கணக்கோடு கன மீட்டரையும் ரசீதில் எழுதினால், அனுமதிச் சீட்டோடு ஒப்பிட முடியும். டன் என்பது முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்புக்கு 1,000 கிலோ. பழைய ஆங்கிலேய டன் 1,016 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ என்பதால் மெட்ரிக் டன் என்று விளங்க எழுதுவது நல்லது. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை குவிண்டாலுக்கு. 2024-25 பருவத்தில் அது 340 ரூபாய். ஆலை வாசலில் பேச்சு டன்னுக்கு, 3,400 ரூபாய். நகைக்கடையில் சவரன் இப்போது 8 கிராம் என்று நிலைபெற்றுவிட்டதால் அங்கே சிக்கல் குறைவு. காரட் மட்டும் தங்கத்துக்குத் தூய்மையையும் வைரத்துக்கு 200 மில்லிகிராம் நிறையையும் குறிக்கும்.

மாற்றெண்களை முழுமையாக்கிச் சொல்வதிலும் எல்லை வேண்டும். ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர் என்பது உரம் போடுவதற்குப் போதுமான கணக்கு, கிரயத்துக்கு ஆகாது. சரியான எண் 2.471. பத்து ஹெக்டேரை 25 ஏக்கர் என்று எழுதினால் இல்லாத 29 சென்ட் ஆவணத்தில் ஏறிவிடும். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 47 சதுர மீட்டர், ஒரு சென்ட்டுக்கும் மேலாகவே, குறைந்துவிடும், 40.47 என்று இரண்டு இலக்கம் வரை கொள்ள வேண்டும். சென்ட்டைச் சதுர அடியாக்க 435 போதாது, 435.6 வேண்டும்; அந்தப் புள்ளி ஆறு ஏக்கருக்கு 60 சதுர அடி. ஆவணத்தில் முதலில் அளந்த அலகையும், அடுத்து மாற்றிய அலகையும், எந்த மாற்றெண்ணைப் பயன்படுத்தியது என்பதையும் மூன்றாக எழுதிவிட்டால், பின்னால் வருபவர் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டும் பொருந்தாதபோது அளந்த அலகில் உள்ள எண்ணையே ஏற்க வேண்டும்.